ஹெச்.ஓ.ஏ. கட்டணத்துக்காக ஒரு ப்ராப்: எந்த வழி நமக்குக் கட்டுப்படியாகும்?

போன நவம்பரில் எங்கள் குடியிருப்பில் எல்லார் வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்தது. குடியிருப்பைப் பராமரிக்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு (ஹெச்.ஓ.ஏ.) மாதாமாதம் கட்டுகிற கட்டணம் 420 டாலரிலிருந்து 504 டாலர் ஆகிறது, ஜனவரி முதல். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் அச்சு அசலாக 20 சதவீதம். தற்செயல் இல்லை. கலிஃபோர்னியா சட்டப்படி உறுப்பினர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தாமலே நிர்வாகக் குழு வருஷத்துக்கு 20 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒரு சென்ட் என்றாலும் நம்மைக் கேட்டாக வேண்டும். கோடு எங்கே கிழித்திருக்கிறதோ அங்கே வந்து நின்றுகொண்டார்கள்.

அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, மதுரைக்காரர், எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை, நேராக எனக்குப் போன் போட்டார். "தம்பி, ஊபர்காரன் ஒரு ப்ராப் போட்டு அவனுக்கு வேண்டியதை வாங்கிக்கிட்டான்ல? நாமளும் ஒண்ணு போடுவோம். 20ஐ 5 ஆக்கணும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஆனால் அந்த "போடுவோம்" என்கிற சொல்லுக்குள் நாலைந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகிற செலவு வேறு, ஜெயித்த பிறகு சாவி யார் கையில் இருக்கும் என்பதும் வேறு. அக்காவுக்குப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ப்ராப் என்றால் என்ன என்று புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநிலம் முழுக்க வாக்காளர்கள் ஒரு சட்டத்துக்கே நேரடியாக ஆமாம், இல்லை என்று ஓட்டுப் போடுகிற ஏற்பாடு இது. கலிஃபோர்னியாவில் பேர் புரொபோசிஷன், பேச்சில் ப்ராப். நம் ஊரில் இதற்கு ஈடாக எதுவும் கிடையாது. இந்திய அரசியல் சட்டத்தையே நாடாளுமன்றம் திருத்தலாம், சில திருத்தங்களுக்கு மாநிலங்களின் சம்மதம் வேண்டும், நம்மை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் டெலவேரைத் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மக்கள் ஓட்டுப் போட வேண்டும். ஆனால் மக்களே ஒன்றைத் தொடங்கி வைக்கவோ, சட்டமன்றம் போட்ட சட்டத்தைத் தடுக்கவோ முடிவது சுமார் பாதி மாநிலங்களில்தான். 1898இல் தெற்கு டகோடா ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவுக்கு 1911இல் வந்தது, சதர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனி சட்டமன்றத்தையே சட்டைப் பைக்குள் வைத்திருந்த காலம், ஹைரம் ஜான்சன் என்ற கவர்னர் அதை உடைக்கவே இதைக் கொண்டுவந்தார். பணக்காரக் கம்பெனிகளிடமிருந்து மக்களைக் காப்பாற்ற வந்த கருவியைப் பார்த்து "ஊபர்காரன் போட்டான்ல" என்று அக்கா சொல்கிறார் என்றால், நூறு வருஷத்தில் என்ன நடந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிற நம் ஆட்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கே மக்கள் மனு வழியே கிடையாது. சட்டமன்றம் அனுப்பினால்தான் உண்டு. டெக்சஸில் 2023 நவம்பரில் ஒரே வாக்குச்சீட்டில் 14 கேள்விகள், அத்தனையும் சட்டமன்றம் அனுப்பியவை.

சரி, நமக்கு முன்னால் இருக்கிற வழிகள். அக்கா நினைத்தது, கையெழுத்து வாங்கி நேராக வாக்குச்சீட்டில் ஏறுவது. அதிலேயே இரண்டு உண்டு, சாதாரணச் சட்டமாகக் கொண்டுவரலாம், அல்லது அரசியல் சட்டத் திருத்தமாகவே கொண்டுவரலாம். சட்டத்துக்கு, கடைசியாக நடந்த கவர்னர் தேர்தலில் பதிவான ஓட்டில் 5 சதவீதம் கையெழுத்து. திருத்தத்துக்கு 8 சதவீதம். 2022 தேர்தல் கணக்குப்படி அது முறையே 5,46,651, மற்றும் 8,74,641.

எண்ணைப் பார்த்து அக்கா அசரவில்லை. "நாலு கோடிப் பேர் இருக்கிற ஸ்டேட்ல அஞ்சரை லட்சம் ஒரு பெரிய விஷயமா?" என்றார். அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் குழுவில் 60 பேர் இருக்கிறோம், அதில் வார இறுதியில் வெயிலில் நிற்கத் தயாராக 20 பேர் கிடைப்பார்கள் என்று வையுங்கள் (தாராளமாகத்தான் சொல்கிறேன், தமிழ்ப் பள்ளி இருக்கிறது, பாட்டு கிளாஸ் இருக்கிறது). ஆளுக்கு நாலு மணி நேரம், மணிக்கு 10 கையெழுத்து. ஒரு நாளைக்கு 800. மனுவைச் சுற்றுக்கு விட 180 நாள்தான் கெடு, அதற்குள் சனி ஞாயிறு 52 நாள். மொத்தம் 41,600. தேவையானதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இதில் செல்லாமல் போகிற கையெழுத்தைக் கழிக்கவே இல்லை, அதற்காகக் குறைந்தது ஏழு லட்சமாவது வாங்க வேண்டியிருக்கும்.

கையெழுத்து எப்படிச் செல்லாமல் போகிறது என்பதை நானே என் கையால் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு இந்திய மளிகைக் கடை வாசலில், மடக்கு மேசை போட்டு ஒருவர் நின்றிருந்தார். அட்டையில் ஐந்து மனுக்கள், ஒன்றன் மேல் ஒன்று. "எந்தக் கவுண்டி?" என்றுதான் முதலில் கேட்டார், ஏனென்றால் ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தாள் தனி. சொன்னதும் கீழே இருந்து வேறு கட்டை உருவினார். ஒரு கையில் கறிவேப்பிலைப் பையோடு, தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒன்றில் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வீடு மாறி எட்டு மாதம், வாக்காளர் பதிவில் இன்னும் பழைய விலாசம், நான் எழுதியது புது விலாசம். பதிவோடு ஒத்துப் பார்க்கும்போது அது நிற்காது. அவருக்குக் கூலி ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று. அந்தக் காசு அவருக்குக் கிடைத்ததோ இல்லையோ, மனுவுக்கு என்னால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று, எச்1பி வேலை விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட முடியாது, பதிவு செய்த வாக்காளர்தான் போடலாம். மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய மட்டும் 18 வயது ஆகியிருந்தால் போதும்! எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இந்த வேலைப் பிரிவினைதான் வாய்க்கும்.

ஆகவே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு கையெழுத்துக்கு 5 டாலர் என்று மலிவாகவே வைத்தாலும், ஏழு லட்சத்துக்கு 35 லட்சம் டாலர். கொலராடோ ஒரு காலத்தில் கூலிக்குக் கையெழுத்து வாங்குவதையே தடை செய்திருந்தது, 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. அதிலிருந்து இது ஒரு தொழில்.

தொண்டர்களை வைத்தே முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. மிச்சிகனில் தொகுதி வரையறையைக் கட்சிக்காரர்கள் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்று ஒரு இளம்பெண் 2016 தேர்தல் முடிந்த கையோடு ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். அதிலிருந்து கிளம்பிய கூட்டம் கூலியாள் இல்லாமலே நாலு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கியது, 2018இல் ஜெயித்தும் விட்டது. ஆனால் அந்தக் கோபம் மாநிலம் முழுக்க இருந்த கோபம். 84 டாலர் ஏறியதற்காக ஃப்ரெஸ்னோவில் சொந்த வீடும் கொல்லையுமாக இருக்கிறவர் எதற்கு நமக்காக வெயிலில் நிற்கப் போகிறார்?

அப்புறம் நடைமுறை. மனுவின் வாசகத்தை மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் 2,000 டாலரோடு கொடுக்க வேண்டும் (சீட்டில் ஏறினால் திரும்பி வரும். முன்பு 200 டாலராக இருந்தது, விளையாட்டுக்கு மனுப் போடுகிறவர்கள் பெருகியதால் ஏற்றினார்கள்). முப்பது நாள் பொதுமக்கள் கருத்து. அரசுக்கு என்ன செலவாகும் என்று கணக்கு எழுதுவார்கள். அட்டர்னி ஜெனரல் 100 சொற்களுக்குள் தலைப்பும் சுருக்கமும் எழுதுவார். மனுத் தாளில் வாக்காளர் கண்ணில் முதலில் படுவது நாம் ராத்திரி கண்விழித்து எழுதிய வாசகம் இல்லை, அவர் எழுதுகிற அந்த 100 சொல்தான், அதனால் ஒவ்வொரு முறையும் அதை வைத்து ஒரு சண்டை நடக்கும். பிறகுதான் கையெழுத்துக்கு 180 நாள். கவுண்டிகள் மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துச் சரிபார்க்கும், மாதிரிக் கணக்கில் தேவையானதில் 110 சதவீதத்தைத் தாண்டினால் அப்படியே தேறிவிடும், 95க்குக் கீழ் போனால் அதோடு சரி, நடுவில் மாட்டினால் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். மொத்தத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் நவம்பர் பொதுத் தேர்தலுக்குத்தான்.

இத்தனையும் தாண்டி ஜெயித்தோம் என்றே வைப்போம். எனக்கு உண்மையான பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கலிஃபோர்னியாவில் மக்கள் மனு வழியாக வந்த சட்டத்தைச் சட்டமன்றம் தொட முடியாது, அந்தச் சட்டமே அனுமதித்தால் ஒழிய. மறுபடி மக்களிடம்தான் போக வேண்டும். ஓட்டுநர்களை ஊழியர்களாக நடத்தத் தேவையில்லை என்று ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் எல்லாம் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி ஜெயித்த 2020ஆம் வருஷ 22ஆம் ப்ராப்பில், திருத்த வேண்டுமானால் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு ஓட்டு வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எட்டில் ஏழு பங்கு! கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்ட மாதிரி. சொத்து வரியை 1 சதவீதத்தில் கட்டிப்போட்ட 1978ஆம் வருஷ 13ஆம் ப்ராப் அரசியல் சட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டது, 2020இல் வணிகச் சொத்துகளுக்கு மட்டுமாவது தளர்த்தலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள், தோற்றது.

பூட்டு இருப்பது நல்லதுதானே என்று அக்கா கேட்டார். நம் விஷயத்தில் அது நம்மையே கடிக்கும் என்று நினைக்கிறேன். கட்டணம் ஏன் ஏறியது என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, முக்கால்வாசிப் பேர் அதைப் புரட்டவே இல்லை. கட்டடக் காப்பீடு. காட்டுத்தீக்குப் பிறகு இந்த மாநிலத்தில் காப்பீட்டு பிரீமியம் என்ன ஆனது என்று வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். 5 சதவீதம் என்று கல்வெட்டில் வெட்டிவிட்டு, அடுத்த வருஷம் பிரீமியம் இரட்டிப்பானால் குடியிருப்பு காசில்லாமல் நிற்கும், கூரை ஒழுகும், அதைச் சரிசெய்ய இன்னொரு முறை மாநிலத் தேர்தல் வரை போக வேண்டும். நிர்வாகக் குழு மேல் எனக்கும் கோபம்தான், ஆனால் நான் குடியிருப்பதும் அந்தக் கூரைக்குக் கீழேதான். திருத்தமாக, அதாவது 8 சதவீத வழியில் போனால் பூட்டு இன்னும் பெரிது, செலவும் அதிகம். ஹெச்.ஓ.ஏ. கட்டணத்தை அரசியல் சட்டத்தில் எழுதுவது கொசுவுக்குப் பீரங்கி.

ரெஃபரெண்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று குழுவில் ஒருவர் கேட்டார். அது வேறு. சட்டமன்றம் புதிதாக ஒரு சட்டம் போட்டால், 90 நாளுக்குள் 5 சதவீதம் கையெழுத்து வாங்கி, மக்கள் ஓட்டுப் போடும் வரை அதை நிறுத்தி வைக்கலாம். நம்முடைய 20 சதவீதச் சட்டம் பழசு, அதற்கு இது பொருந்தாது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய வழி, ஏனென்றால் இது நம் எதிராளியின் ஆயுதம். வாசனை சேர்த்த புகையிலைப் பொருள்களைக் கடையில் விற்கத் தடை போட்டு 2020 ஆகஸ்டில் கவர்னர் கையெழுத்திட்டார். புகையிலைக் கம்பெனிகள் கையெழுத்து வாங்கி நிறுத்தின. 2022 நவம்பரில் மக்கள் சட்டத்தின் பக்கம் அமோகமாக ஓட்டுப் போட்டார்கள். கம்பெனி தோற்றது என்று தலைப்புச் செய்தி வந்தது, ஆனால் நடுவில் இரண்டு வருஷம் விற்றது விற்றதுதானே? இதில் இன்னொரு குழப்பம், மனுப் போட்டவர்களுக்கு வேண்டியது "இல்லை" ஓட்டு. என் மனைவி உணவு மேசையில் வாக்காளர் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு "யெஸ் போட்டா தடை வருமா போகுமா?" என்று என்னைக் கேட்டதும் நான் முழித்ததும் நினைவிருக்கிறது. 2023இல்தான் "சட்டத்தை வைத்துக்கொள்", "சட்டத்தை நீக்கு" என்று கேட்கும்படி மாற்றினார்கள்.

சட்டமன்றமே மக்களுக்கு அனுப்புவது இன்னொரு வழி. இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால் அரசியல் சட்டத் திருத்தம் சீட்டில் ஏறும், கவர்னர் கையெழுத்து கூட வேண்டாம், ஒரு கையெழுத்து தாளும் வேண்டாம். 2024 நவம்பரில் வந்த பத்து ப்ராப்களில் பாதி சட்டமன்றம் அனுப்பியவைதான். இலவசம் போலத் தெரியும். ஆனால் ஏறுவது வேறு, ஜெயிப்பது வேறு. அதே 2024இல் சிறையில் கட்டாய வேலையை ஒழிக்கிற 6ஆம் ப்ராப்பை எதிர்த்து வாக்காளர் கையேட்டில் எழுத ஒருவர் கூட முன்வரவில்லை, அப்படியும் தோற்றது. நம் பிரச்சினைக்கு இந்த வழி தேவையே இல்லை என்பது வேறு விஷயம். நம்முடையது சாதாரணச் சட்டம். சட்டமன்றம் நினைத்தால் மக்களைக் கேட்காமலே மாற்றிவிடலாம்.

கலிஃபோர்னியாவில் இல்லாத ஒரு வழிதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஒஹாயோவில் மக்கள் ஒரு சட்டம் கேட்டால், முதலில் 3 சதவீதம் கையெழுத்து. அது சட்டமன்றத்துக்குப் போகும். நாலு மாதம் அவகாசம். அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் இன்னொரு 3 சதவீதம் வாங்கி மக்களிடம் போகலாம். 2023இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய சட்டம் இப்படித்தான் வந்தது. இரண்டாம் சுற்றில் 679 கையெழுத்து குறைந்துபோய், பத்து நாள் கூடுதல் அவகாசத்தில் ஓடி ஓடி வாங்கிக் கொடுத்து, நவம்பரில் 57 சதவீதத்தில் ஜெயித்தார்கள். மாசசூசெட்ஸிலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், இரண்டாம் சுற்று இன்னும் சின்னது. பேசித் தீர்க்க ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதுதான் இதன் அழகு. வாசகத்தில் ஓட்டை இருந்தால் அந்த நாலு மாதத்தில் யாராவது சொல்வார்கள்.

ஓட்டை இந்த வழியிலும் உண்டு. மிச்சிகனில் 2018இல் குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்புக்கும் இரண்டு மனுக்கள் சட்டமன்றத்துக்கு வந்தன. செப்டம்பரில் "அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்" என்றார்கள், அதனால் சீட்டில் ஏறவில்லை. தேர்தல் முடிந்து டிசம்பரில் அதே சட்டமன்றம் இரண்டையும் வெட்டிச் சிதைத்தது. அது செல்லாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 ஜூலை ஆனது. ஆறு வருஷம்.

இந்த மாதிரி வழி கலிஃபோர்னியாவிலும் 1911 முதல் இருந்தது, 1966இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் 2014இல் வேறு வேஷத்தில் பாதி திரும்பி வந்தது. அதுவரை கையெழுத்தைக் கொடுத்துவிட்டால் மனுவைத் திரும்பப் பெற முடியாது. இப்போது தேர்தலுக்கு 131 நாள் முன்புவரை, அதிகாரபூர்வமாகச் சீட்டில் ஏறும் கணம் வரை, மனுப் போட்டவர் வாபஸ் வாங்கலாம். அதாவது பேரம் பேசலாம்.

2018 ஜூன் 28ஆம் தேதி இதன் இரண்டு முகமும் ஒரே நாளில் தெரிந்தது. அலஸ்டர் மக்டாகர்ட் என்ற ரியல் எஸ்டேட்காரர், ஒரு விருந்தில் கூகுள் பொறியாளர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது நம்மைப் பற்றிக் கம்பெனிகள் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கின்றன என்று கேட்டு அதிர்ந்துபோய், சொந்தக் காசைப் போட்டுத் தனியுரிமை மனுவுக்கு ஆறு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். சட்டமன்றம் அவசர அவசரமாக ஒரு தனியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது, கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார், மக்டாகர்ட் மனுவை வாபஸ் வாங்கினார். அதே நாள், குளிர்பானக் கம்பெனிகளும் ஒரு மனுவை வாபஸ் வாங்கின. உள்ளூர் வரிகள் எல்லாவற்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்கிற மனு அது, நகராட்சிகள் எல்லாம் நடுங்கிப்போயிருந்தன. பதிலுக்கு அவர்கள் வாங்கிக்கொண்டது, 2031 வரை எந்த ஊரும் புதிதாகச் சோடா வரி போடக்கூடாது என்கிற சட்டம். ஒரே கதவு, ஒரே நாள். மக்டாகர்ட் திறந்ததை நான் பாராட்டினால், சோடாக்காரர் திறந்ததைத் திட்ட முடியாது, இருவரிடமும் இருந்தது ஒரே சாவி: லட்சக்கணக்கான கையெழுத்தும், அதை வாங்கப் பணமும்.

நம்மிடம் அந்தச் சாவி இல்லை. கையில் கல் இல்லாமல் எறிவேன் என்று மிரட்டினால் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அதனால் நான் அக்காவிடம் சொன்னது இதுதான். ப்ராப் வேண்டாம். அந்த வழி, சட்டமன்றம் தன் சொந்த நலன் கெடும் என்பதால் எந்தக் காலத்திலும் செய்யவே மாட்டாது என்கிற விஷயத்துக்கு ஏற்றது, மிச்சிகன் தொகுதி வரையறை மாதிரி, தங்கள் தொகுதியைத் தாங்களே வரைந்துகொள்கிறவர்கள் பேனாவைக் கீழே வைப்பார்களா? ஹெச்.ஓ.ஏ. அப்படி இல்லை. 2025இல் ஹெச்.ஓ.ஏ.க்கள் போடுகிற அபராதத்துக்கு, பாதுகாப்புப் பிரச்சினை தவிர மற்றவற்றுக்கு, ஒரு மீறலுக்கு 100 டாலர் என்று சட்டமன்றம் உச்சவரம்பு போட்டதே, அதற்கு யாராவது ஒரு கையெழுத்து வாங்கினார்களா? பட்ஜெட்டோடு சேர்ந்து வந்த மசோதாவில் சத்தமில்லாமல் போய்விட்டது. நம் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்கு 60 பேர் போய் உட்கார்ந்தால், அது மாநிலக் கணக்கில் ஒன்றுமில்லை, ஆனால் ஒரு தொகுதி அலுவலகத்தின் காத்திருக்கும் அறைக்கு அது ரொம்பப் பெரிய கூட்டம். கேட்பதையும் மாற்றிக் கேட்கலாம்: 5 சதவீதம் என்று அடம் பிடிக்காமல், 10க்கு மேல் போனால் ஓட்டெடுப்பு, காப்பீட்டு உயர்வு மட்டும் தனிக் கணக்கு என்று. மசோதாவில் தப்பு வந்தால் அடுத்த வருஷமே திருத்தவும் முடியும்.

தோற்றால்? தோற்கலாம். ஹெச்.ஓ.ஏ. நிர்வாகக் கம்பெனிகளுக்கும் சாக்ரமெண்டோவில் ஆள் இருக்கும், மசோதா கமிட்டியிலேயே செத்துப்போகலாம், அதற்குக் காரணம் கூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அதில் நாம் இழப்பது சில சனிக்கிழமைகள், 35 லட்சம் டாலர் இல்லை.

அக்காவுக்கு முழுச் சம்மதம் இல்லை. "ஒருத்தர் கால்ல போய் விழற மாதிரி இருக்கே தம்பி," என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மசோதா தாக்கல் செய்ய எப்போது கெடு என்று கேட்டார். பிப்ரவரி என்றேன். அன்றே குழுவில் ஒரு கூகுள் ஷீட் வந்தது: பெயர், விலாசம், வாக்காளரா இல்லையா, எந்தக் கிழமை வரமுடியும். மூன்றாவது வரிசையில் என் பெயருக்கு எதிரே அவரே எழுதியிருந்தார், "விலாசம் மாத்திட்டியா?"